ஆற்றுநீரும் வறட்சிக் காலமும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரின் அருமையைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்துக்குப் பொதுவாக ஒரே ஒரு குழாய்தான். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். அம்மா பெரட்டுக்குப் போவதற்கு முன்பே என்னை எழுப்பி, வாளியை வரிசையில் வைத்துவிட்டு வரச் சொல்வார். வெயில் காலம் நீண்டுவிட்டால் அந்த ஒரு மணி நேரம் அரை மணி நேரமாகிவிடும். அப்போது, தீபாவளிக்குப் பலகாரம் மாற்றிக்கொள்ளும் வீட்டாரே குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள்.

அந்தத் தண்ணீர் தோட்டத்து ஓடையிலிருந்து பம்பு வைத்து இறைக்கப்பட்டது. ஒருநாள், புல் மருந்து அடித்துவிட்டு வந்த இளைஞர் ஒருவர், முதுகில் சுமக்கும் மருந்துப் பம்பைக் கழுவ அந்த ஓடையிலேயே இறங்கினார். அவர் இறங்கிய இடம், நாங்கள் தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறம். அதைக் கண்ட வயதான கங்காணி ஒருவர், "தம்பி, கீழே ஆள் இருக்குப்பா!" என்று சத்தம் போட்டார். இளைஞர் ஒன்றும் பேசாமல் கரையேறிவிட்டார்.

அன்று அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. பின்னாளில் ஆறுகளைப் பற்றிப் படிக்கும்போதுதான் அந்தக் கங்காணியின் சொல் அடிக்கடி நினைவுக்கு வந்தது. இன்று பலருடைய வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிறது. ஆனால் அந்தக் குழாய்க்கும் ஓர் ஆறு இருக்கிறது. அந்த ஆற்றுக்கும் மேற்புறமும் கீழ்ப்புறமும் இருக்கின்றன. வறட்சிக் காலத்தில் ஆற்றுநீரைக் காப்பது எப்படி, பங்கிடுவது எப்படி என்பதை, நமக்குத் தெரிந்த சிலாங்கூர் ஆற்றை எடுத்துக்காட்டாக வைத்து இன்று பார்ப்போம்.

சிலாங்கூர் ஆறு, பிரேசர் மலைப் பக்கத்து மலைத்தொடரில் பிறந்து, கோலகுபு பாருவைக் கடந்து, ரந்தாவ் பாஞ்சாங், பெஸ்தாரி ஜெயா வழியாக ஓடி, கோல சிலாங்கூரில் மலாக்கா நீரிணையில் கலக்கிறது. நீளம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். பெஸ்தாரி ஜெயா என்றால் சிலருக்கு உடனே விளங்காது; நம் பெரியவர்கள் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்ன ஊர்தான் அது. இந்த ஆற்றின் இருபுறமும் பால்மரத் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் ஈய லம்பங்களும் நிறைந்திருந்தன. சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய இடங்களுக்குக் கிடைக்கும் குழாய் நீரில் பாதிக்கும் மேற்பட்டது இந்த ஓர் ஆற்றிலிருந்துதான் வருகிறது.

இந்த ஆற்றில் மனிதன் கைவைத்தது நேற்று இன்றல்ல. அக்காலத்தில் ஈயம் தோண்டியவர்கள் கோலகுபுவுக்கு மேலே ஓர் அணை கட்டியிருந்தார்கள். 1883ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில், பெருமழையில் அந்த அணை உடைந்தது. ஊர் வெள்ளத்தில் மூழ்கியது; மாவட்ட அதிகாரி உட்படப் பலர் மாண்டனர். அதன்பின்னும் லம்பங்களிலிருந்து வந்த மணல் ஆற்றுப் படுகையை மேடாக்கிக்கொண்டே வந்தது. படுகை உயர உயர வெள்ளமும் ஊருக்குள் நுழைந்தது. கடைசியில் அந்த ஊரையே கைவிட்டு, மேட்டு நிலத்தில் புதிதாக ஓர் ஊரை அமைக்க வேண்டியதாயிற்று. அதுதான் கோலகுபு பாரு. 'பாரு' என்றால் புதிது. மேலே மண்ணைக் கிளறியவர்கள் ஒருவர். கீழே ஊரை இழந்தவர்கள் வேறொருவர்.

இனி இன்றைய ஆறு எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். கோலகுபு பாருவுக்கு மேலே, மலையடிவாரத்தில் சிலாங்கூர் ஆற்று அணை இருக்கிறது. இது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்டது. அணை என்றதும், அங்கிருந்தே குழாய் போட்டு நம் வீட்டுக்குத் தண்ணீர் அனுப்புகிறார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. அணையிலிருந்து தண்ணீரை ஆற்றிலேயே திறந்துவிடுகிறார்கள். அது மற்ற ஓடைகளின் நீரோடு சேர்ந்து பல மைல் தூரம் ஓடி வருகிறது. ரந்தாவ் பாஞ்சாங்கிலும் பெஸ்தாரி ஜெயா பகுதியிலும் உள்ள சுத்திகரிப்பு நிலையங்கள் ஆற்றிலிருந்து அதை இறைத்துச் சுத்தம் செய்து அனுப்புகின்றன. ஆகவே, ஆறுதான் இங்கே குழாய். அணைக்கும் நிலையத்துக்கும் இடையே யார் எதை ஆற்றில் கொட்டினாலும் அது அந்தக் குழாயில் விழுந்த மாதிரிதான்.

நம் குடும்பக் கணக்கை வைத்துச் சொன்னால் இது எளிதில் விளங்கும். ஆற்றில் தானாக ஓடிவரும் நீர் அன்றாடக் கூலி. அணையில் தேங்கியிருக்கும் நீர் சேமிப்புப் பணம். மழை பெய்யும் மாதங்களில் கூலியிலேயே செலவு நடக்கிறது. மிச்சம் சேமிப்பில் சேர்கிறது. மழை குறையும்போது சேமிப்பிலிருந்து எடுக்கிறோம்.

அந்தச் சேமிப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? சிலாங்கூர் ஆற்று அணை நிறைந்திருந்தால் ஏறத்தாழ 23 கோடி கன மீட்டர் நீர் இருக்கும். அதாவது 23,000 கோடி லிட்டர். கேட்பதற்கு மலைப்பாக இருக்கிறதல்லவா? ஆனால் இந்த ஆற்றங்கரையிலுள்ள பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 250 கோடி லிட்டருக்கும் மேல் எடுக்கக் கூடியவை. ஆற்றில் வேறு வரவே இல்லையென்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். நிறைந்த அணைகூட மூன்று மாதம்தான். இதற்குத் துணையாகச் சுங்கை திங்கி என்ற இன்னோர் அணையும் இருக்கிறது. ஆயினும் சேமிப்பு கரையத் தொடங்கினால் எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

இப்படித்தான் 2014ஆம் ஆண்டில் நடந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் மேற்குக் கரையில் மழை குறைவது வழக்கம்தான். அந்த ஆண்டு வெயில் வழக்கத்தைவிட நீண்டுவிட்டது. அணையின் நீர் பாதிக்கும் கீழே போனது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கின் பல பகுதிகளில் இரண்டு நாள் தண்ணீர் விட்டு, இரண்டு நாள் நிறுத்தினார்கள். இலட்சக்கணக்கான வீடுகளில் வாளியும் அண்டாவும் மீண்டும் வேலைக்கு வந்தன. அதற்கு முன்னர் 1998ஆம் ஆண்டிலும், எல் நினோ எனப்படும் பசிபிக் கடல் வெப்ப மாற்றத்தால் மழை பொய்த்து, அதே வட்டாரத்தில் பல மாதங்கள் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. முறை வைத்து நிறுத்துவது தொல்லைதான். ஆனால் அணை முற்றிலும் வற்றும்வரை தாராளமாக விட்டுவிட்டுப் பிறகு கைவிரிப்பதைவிட, முன்கூட்டியே அளந்து கொடுப்பது மேல். மாதக் கடைசிவரை அரிசி வரவேண்டுமானால், பத்தாம் தேதியே படியைக் குறைத்துப் போடும் தாய் செய்வதும் இதைத்தான்.

நேயர்களே, 2014இல் இன்னொரு பாடமும் கிடைத்தது. பங்கீடு முதலில் தொடங்கிய பகுதிகளில் செராசும் பாலாக்கோங்கும் அடங்கும். அங்கே காரணம் நீர் குறைந்தது மட்டுமல்ல. லங்காட் ஆற்று நீரில் அம்மோனியா என்ற கழிவுப்பொருள் அளவுக்கு மீறிக் கலந்துவிட்டதால் சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்த வேண்டியதாயிற்று. மலக்கழிவு, குப்பைமேட்டுச் சாறு, கால்நடைக் கழிவு போன்றவற்றிலிருந்து அம்மோனியா வருகிறது. 'இவையெல்லாம் மழைக்காலத்திலும் ஆற்றில் விழத்தானே செய்கின்றன, வெயில் காலத்தில் மட்டும் ஏன் தொல்லை?' என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கரண்டி உப்பை ஓர் அண்டா நீரில் போட்டால் நாக்குக்குத் தெரியாது. அதே கரண்டி உப்பை ஒரு குவளை நீரில் போட்டால் வாயில் வைக்க முடியாது. ஆறு மெலியும்போது அழுக்கு கூடவில்லை. அதைக் கரைக்கும் நீர்தான் குறைந்துவிடுகிறது. ஆகவே வறட்சிக் காலத்தில் ஆற்றில் கொட்டப்படும் ஒரு வாளிக் கழிவு, மழைக்காலத்தில் கொட்டப்படும் பல வாளிக் கழிவுக்குச் சமம்.

அணையில் தண்ணீர் இருந்தாலும் குழாய் வற்றிப் போகலாம் என்பதை 2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் கண்டோம். ரவாங்கில் கோங் என்றொரு சிற்றாறு உண்டு. தொழிற்சாலைப் பகுதியிலிருந்து அதில் கலந்த கழிவு சிலாங்கூர் ஆற்றுக்கு வந்து சேர்ந்ததால், கீழேயிருந்த நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றன. ஏறத்தாழ 12 இலட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் தடைப்பட்டது. ஒரு கணக்கு என்பது பெரும்பாலும் ஒரு வீடு. அன்று வானமும் பொய்க்கவில்லை, அணையும் வற்றவில்லை. கீழே ஆள் இருப்பதை மேலே இருந்தவர்கள் மறந்தார்கள், அவ்வளவுதான்.

தண்ணீர்த் தட்டுப்பாட்டைச் சமாளிக்க அரசாங்கமும் பல வழிகளைத் தேடியிருக்கிறது. அவற்றில் நமக்குப் பழக்கமான ஒன்று, பெஸ்தாரி ஜெயா பக்கத்து ஈயக் குட்டைகள். லம்ப வேலை நின்றபின் மழைநீர் தேங்கிக் கிடந்த அந்தக் குட்டைகளில் சிலவற்றிலிருந்து, 2014க்குப் பிறகு, ஆறு மெலியும்போது நீரை இறைத்து ஆற்றில் சேர்க்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. பழைய லம்பக் குட்டை நீரில் உலோகங்கள் கலந்திருக்கலாம் என்பதால் அதைப் பரிசோதித்தே பயன்படுத்த வேண்டும். மற்றொன்று, பகாங் மாநிலத்து ஆற்றுநீரை மலைத்தொடரைக் குடைந்து இப்பக்கம் கொண்டுவரும் சுரங்கப் பாதை. அதன் நீளம் 44.6 கிலோமீட்டர். அந்த நீரைச் சுத்திகரிப்பதற்காகவே உலு லங்காட்டில் ஒரு பெரிய நிலையம் அமைக்கப்பட்டது.

ஆனால் எந்த வழிக்கும் ஒரு விலை உண்டு. சிலாங்கூர் ஆற்று அணை கட்டப்பட்டபோது, தெமுவான் பூர்வகுடி மக்கள் தங்கள் பழைய குடியிருப்புகளை விட்டு இடம் மாற வேண்டியிருந்தது. ஆற்றின் முகத்துவாரத்தில், கம்போங் குவாந்தானில், மின்மினிப் பூச்சிகளைக் காண வெளிநாட்டிலிருந்தெல்லாம் மக்கள் வருகிறார்கள். அந்த மின்மினிகள் கூடும் பெரெம்பாங் மரங்களுக்கு நல்ல நீரும் உப்பு நீரும் அளவோடு கலந்திருக்க வேண்டும். மேலே நாம் நீர் முழுவதையும் எடுத்துவிட்டால் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறிவிடும். படகோட்டிப் பிழைப்பவரும், மீன் பிடிப்பவரும் அங்கேதான் இருக்கிறார்கள். அதனால்தான் கடைசித் துளிவரை இறைக்காமல், ஆறு ஆறாக இருப்பதற்கு வேண்டிய நீரை ஓடவிட வேண்டும் என்கிறார்கள்.

விரயம் வேறு இருக்கிறது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், சுத்திகரித்து அனுப்பும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்டணத்துக்கு வராமல் போகிறது. அதில் பெரும்பகுதி பழைய குழாய்களின் ஒழுக்கு. புதிய அணை கட்டுவதற்கு முன் ஓட்டைப் பானையை அடைப்பது முக்கியமல்லவா? வீதியோரக் குழாய் உடைந்து நீர் பீறிட்டால், 'நம் வீட்டுத் தண்ணீரா?' என்று போய்விடாமல் உடனே தகவல் கொடுங்கள்.

இனி, தோட்டத்தில் நாம் செய்யக்கூடியவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, ஆற்றங்கரை. கரையோரத்துப் புல்லும் செடியும் மரமும் மண்ணைப் பிடித்து வைக்கின்றன. உரமும் மருந்தும் நேராக நீரில் விழாமல் தடுக்கின்றன. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டிப்படி, 5 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள ஓடைக்கு இருபுறமும் 5 மீட்டரும், 40 மீட்டருக்கு மேற்பட்ட அகலமுள்ள ஆற்றுக்கு இருபுறமும் 50 மீட்டரும் விட்டு வைக்க வேண்டும். மறுநடவு செய்யும்போது அந்தக் கரையை மொட்டையடிக்கக் கூடாது. அந்த இடத்தில் புல் மருந்தும் அடிக்கக் கூடாது.

இரண்டாவது, மண். வெட்டிய செம்பனை மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்கினால் மழைநீர் ஓடிவிடாமல் மண்ணில் இறங்கும். பால்மரக் கன்றுகளுக்கிடையே பயற்றங்கொடி படரவிடுவதும் இதற்காகத்தான். மண்ணுக்குள் இறங்கிய நீரே வெயில் காலத்தில் ஓடைக்கு ஊற்றாக வருகிறது. இதில் நம் வருமானமும் இருக்கிறது. வறட்சியில் தவித்த செம்பனை அன்றே விளைச்சலைக் குறைப்பதில்லை. பல மாதம் கழித்துத்தான் குலை குறையும். அப்போது வறட்சியை எல்லாரும் மறந்திருப்பார்கள். குலை வெட்டுபவரின் கூலி மட்டும் அதை மறக்காது.

மூன்றாவது, மருந்தும் ஆலைக் கழிவும். மருந்துப் பம்பையும் டப்பாக்களையும் ஓடையில் கழுவாதீர்கள். கழுவிய நீரைத் திரும்ப மருந்துக் கலவையிலேயே சேர்த்து, மருந்தடிக்க வேண்டிய இடத்திலேயே அடித்துவிடலாம். செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவு ஆற்று நீரிலுள்ள உயிர்க்காற்றை உறிஞ்சிவிடும். மீன்கள் மூச்சுத் திணறி மிதக்கும். அக்கழிவைக் குளங்களில் பக்குவப்படுத்தியே வெளியே விடவேண்டும் என்று 1977ஆம் ஆண்டிலேயே விதி வந்துவிட்டது. ஓடை நீர் திடீரென்று நிறம் மாறினாலும், துர்நாற்றம் வீசினாலும், மீன் செத்து மிதந்தாலும், நிர்வாகத்திடம் சொல்லுங்கள். சுற்றுச்சூழல் இலாகாவுக்கோ மாநில நீர் வாரியத்துக்கோ தெரிவியுங்கள்.

அடுத்து, வீட்டுக்குச் சில யோசனைகள். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 7 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு மூன்று நாளைக்கு 105 லிட்டர் போதும். வறட்சி அறிவிப்பு வந்தவுடன் இந்த அளவை மட்டும் சுத்தமாகப் பிடித்து மூடி வையுங்கள். ஆளுக்கு ஆள் தேவைக்கு மேல் நிரப்பினால், குழாயின் கடைசியிலும் மேட்டிலும் இருக்கும் வீட்டுக்கு ஒரு வாளிகூட வராது. அதுவும் 'கீழே ஆள் இருக்கிற' கதைதான்.

மற்ற வேலைகளுக்கு மழைநீர் இருக்கிறது. 40 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 400 லிட்டர் விழுகிறது. வழிவதும் சிந்துவதும் போக, 200 லிட்டர் பீப்பாய் ஒன்றாவது நிறையும். அதைத் துணி துவைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்தலாம். ஆனால் மருந்து வந்த பீப்பாயை எத்தனை முறை கழுவினாலும் தண்ணீர் பிடிக்கப் பயன்படுத்தவே கூடாது. பீப்பாயின் வாயைக் கொசு நுழையாதபடி வலையாலோ துணியாலோ கட்டுங்கள். வாரம் ஒருமுறை உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். டிங்கிக் காய்ச்சலைக் கொண்டுவரும் ஏடிஸ் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீருக்காக வைத்த பீப்பாய் காய்ச்சலுக்கு இடமாகிவிடக் கூடாது.

தண்ணீர் நின்று மீண்டும் வரும்போது முதலில் கலங்கலாக வரும். அதை ஒரு வாளியில் தனியே பிடித்துக் கழிவறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தெளிந்தபின் பிடித்து, கொதிக்க வைத்துக் குடியுங்கள். குளிக்கத் தண்ணீர் இல்லையென்று பிள்ளைகளை ஈயக் குட்டைக்கு அனுப்பாதீர்கள். அதன் கரை செங்குத்தாக இறங்கும். இரண்டடி வைத்தால் ஆழம். வறட்சியில் தண்ணீர் போனால் மழையில் திரும்ப வரும். போன பிள்ளை திரும்ப வராது.

நேயர்களே, வானம் எப்போது பெய்யும் என்பது நம் கையில் இல்லை. ஆனால் பெய்த மழையை மண்ணில் இறக்குவதும், ஓடுகின்ற ஆற்றை அழுக்காக்காமல் வைப்பதும், இருக்கின்ற நீரை அளந்து பகிர்வதும் மனிதர் கையில்தான் இருக்கின்றன. சட்டம் வேண்டும், அணை வேண்டும், அதிகாரிகளின் கண்காணிப்பும் வேண்டும். இவற்றோடு, ஓடையில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் அந்தக் கங்காணியின் நினைப்பும் வேண்டும். நமக்கு மேலே இருப்பவர்கள் அதை மறந்தால் நாம் தவிக்கிறோம். நாம் மறந்தால் நமக்குக் கீழே இருப்பவர்கள் தவிக்கிறார்கள். இன்றிரவு சாப்பிடும்போது, உங்கள் வீட்டுத் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து வருகிறது, உங்கள் வீட்டுக் கால்வாய் எந்த ஆற்றில் போய்ச் சேருகிறது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் நாளைக்கே எல்லாரும் சேர்ந்து விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.